வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது?

பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். முடிவில், "தினமும் இரண்டு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கோர்வைச் சேலை நெய்யத் தறியின் மறுபக்கம் இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் நம் ஊரில் அந்தக் கை பெரும்பாலும் சிறு பிள்ளையுடையது. நண்பரும் அப்படி ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர்தான். அவரிடம் அல்ஜீப்ரா சொல்லிக் கொடு என்றால்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியம். அங்கே வகுப்பை இறங்குவரிசையில் எண்ணுவார்கள்; ஆறாவதில் நுழைந்து, ஐந்து, நான்கு என்று இறங்கி மூன்றாவதை முடிக்க வேண்டும். என்னைக் கீழே இறக்கிக்கொண்டே வருகிறார்கள் என்று அப்பாவுக்குச் சந்தேகம்! பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது அவருக்கு. ஆனால் ராத்திரி, "இன்னிக்கு என்ன நடத்தினாங்க, தமிழ்ல சொல்லுடா" என்பார். திணறினால், பாடம் புரியவில்லை என்று எனக்கே தெரிந்துவிடும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தை வைத்து எட்டு வரை இங்கே யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வாய்பாடும் பின்னமும் பாக்கி இருந்தால் அங்கேதான் உதைக்கும். எந்தப் பிள்ளைக்கு எது பாக்கி என்று தமிழில், தனித்தனியாக, ஜூனிலேயே சொல்லுங்கள் ஐயா. சொல்லிக் கொடுப்பது உங்கள் வேலை.

திரும்பும் வழியில் நண்பர், "அப்ப டியூஷன் வெச்சிடட்டுமா சார்?" என்றார். முதலில் ராத்திரி அவனைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.