ஓடாத காருக்கும் வயசாகும்!

உங்க வீட்டுக் கார் எப்போ வெளியே வரும்? ஞாயித்துக்கிழமை கோயில், மாசத்துக்கு ஒரு கல்யாணம். வருஷத்துக்கு 3,000 கி.மீ. தாண்டினாலே அதிசயம். "பத்தாயிரம் ஓடினாத்தானே சர்வீஸ்? இன்னும் ரெண்டு வருஷம் இருக்குடா"ன்னு அப்பா தெம்பா சொல்வார்.

டேஷ்போர்டுல தூங்கற சர்வீஸ் புக்கை ஒரு தடவை புரட்டுங்க பாஸ். நிறைய பெட்ரோல் கார்களுக்கு '10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது' என்றுதான் போட்டிருக்கும். நாம முதல் பாதியை மட்டும் படிச்சுட்டு மூடி வச்சிடறோம். வாரன்டி உள்ள கார்னா பின்னாடி க்ளெய்ம் பண்ணும்போது வம்பு.

ஓடாத வண்டியில என்ன கெடும்? நியாயமான கேள்வி. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பற கார்ல, இன்ஜின் முழுசா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறோம். பெட்ரோல் எரியும்போது வர்ற நீராவி வெளியேறாம ஆயில்லயே தங்கிடும். ஹைவேயில் ஒரே மூச்சா 300 கி.மீ. ஓடற வண்டியைவிட, ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓடற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும்.

எனக்கு நிஜமான பயம் பிரேக் ஆயில் மேலதான். வண்டி ஓடினாலும் நின்னாலும் அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 'டாட் 4' ரகம் புதுசா இருக்கறப்போ 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா 155 டிகிரிக்கே இறங்கிடலாம். இப்போ, செமஸ்டர் லீவுல அதே காரை எடுத்துக்கிட்டு அஞ்சு பேர் கொல்லிமலை போறீங்க. 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, சூட்டுல உள்ளே கொதிச்சு, குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிக்காது. மீட்டர் மட்டும் சமர்த்தா 3,000 காட்டும். பல கார்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இதை மாத்தணும். (சின்ன கியர்லயே இறங்கணும்னு உங்களுக்குத் தனியா சொல்லணுமா என்ன?)

டயரும் அப்படித்தான். பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும். '2319'னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாருங்க.

சரி, செலவு? போன வருஷம் சித்தப்பா காரை ஒரு சர்வீஸ் சென்டர்ல விட்டோம். எஸ்டிமேட் 9,400 ரூபாய்! இன்ஜின் ஃப்ளஷ், ஏ.சி. கிருமி நீக்கம், பெயின்ட் கோட்டிங்னு பெரிய லிஸ்ட். "சார், இதெல்லாம் சர்வீஸ் புக்ல எந்தப் பக்கத்துல இருக்கு?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே பேனாவை எடுத்து ஒவ்வொண்ணா அடிச்சார். ஏர் ஃபில்டரைக் கழட்டிக் காட்டச் சொன்னேன், சுத்தமா இருந்தது. அதுவும் கட். கடைசி பில் 4,700. ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், லேபர், அவ்வளவுதான். கம்மியா ஓடற கார்ல மிச்சம் பிடிக்கற இடம் இதுதான், சர்வீஸையே தள்ளிப் போடறதுல இல்ல.

அப்புறம் பேட்டரி. ஷெட்லயே ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்றது பிரயோஜனமே இல்ல. இந்த ஞாயிறு கோயிலுக்குச் சுத்து வழியா அரை மணி நேரம் ஓட்டிட்டுப் போங்க. "பெட்ரோல் யார் போடறது?"ன்னு அப்பா கேட்டா, அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல!