கண்ணாடி அலமாரிக்குள் நம் அடிமை விலை

பழைய ஆங்கிலப் புத்தகம் சேர்ப்பது வசதியான வீடுகளில் ஒரு கௌரவம். தோல் அட்டை, லண்டன் பதிப்பு, மடித்து வைத்த வரைபடம். முதல் பதிப்பா, பூச்சி அரிக்காததா என்று பார்த்து விலை பேசுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றால், "நம்ம ஊரைப் பத்தி வெள்ளைக்காரன் எழுதுனதுங்க" என்கிறார்கள். நம்ம ஊர் என்றால் யார் ஊர்? ஊரா, சேரியா?

பிரான்சிஸ் புக்கானனை எடுத்துக்கொள்வோம். வெல்லெஸ்லியின் உத்தரவுப்படி 1800-இல் சென்னையிலிருந்து கிளம்பிய கம்பெனி மருத்துவர். மைசூரைச் சுற்றிவிட்டு ஈரோடு, தாராபுரம் எனக் கொங்கு வட்டாரத்தைப் பார்த்து, பாலக்காட்டுப் பக்கம் போனார். 1807-இல் மூன்று தொகுதிகளாக அச்சான அவருடைய பயண நூலில் தறியும் பாசனமும் மட்டுமா இருக்கின்றன? பாலக்காட்டு வயல்களில் உழைத்த அடிமைகளை எப்படிக் கைமாற்றினார்கள் என்றும் இருக்கிறது. விற்றால் ஜன்மம். அடகு வைத்தால் காணம். வாடகைக்கு விட்டால் பாட்டம். நிலத்துக்கு இருந்த அதே மூன்று சொற்கள், மனிதர்களுக்கும். ஆண்டு வாடகை ஆணுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. கணவன் மனைவியைப் பிரித்து விற்கக் கூடாதாம். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கலாமாம்!

புக்கானன் நம் வக்கீல் அல்ல. வருமானம் தேடிய கம்பெனிக்காக, மொழிபெயர்ப்பாளர் துணையோடு கேட்டு எழுதியவர். அதனாலேயே இது ஆண்டைகள் மறுக்க முடியாத சாட்சி. "எங்க பக்கம் எல்லாரும் தாயா பிள்ளையா இருந்தோம்" என்று கதை விடுகிறவர்கள் முன் விரித்து வைக்க வேண்டிய பக்கம் அது. அதைத்தான் கண்ணாடிக்குள் பூட்டி, அட்டையை மட்டும் விருந்தாளிக்குக் காட்டுகிறார்கள்.

கட்டடக்கலை நூல்களின் சேதி வேறு. பெர்குசனின் 1876 நூலில் கோயில்கள் பாணி பாணியாக வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. கல் சுமந்தவர்கள் எந்தப் பாணி?

நாமும் புத்தகம் சேர்ப்பவர்கள்தான், தோழர்களே. நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் அம்பேத்கர் வயிற்றைக் கட்டிச் சேர்த்தவை சுமார் 2,000. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையும் அதைத் தொடர்ந்து வந்த 1892 அரசாணையும் தேடி எடுக்கப்பட்டதால்தான், பஞ்சமி நிலம் என்று தாலுகா ஆபீசில் நின்று நாம் வாதாட முடிகிறது.

புக்கானன் நூல் இன்று இணையத்தில் இலவசம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் மாணவர் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். தடை ஆங்கிலம்தான். ஆளுக்குப் பத்துப் பக்கம் எடுத்துத் தமிழாக்குவோம். பாலக்காட்டுப் பக்கங்களை முதலில் முடிப்போம். சுமங்கலித் திட்டம் என்று நூற்பாலை விடுதியில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நம் தங்கைகளுக்கு, பாட்டம் என்ற சொல்லை நாம் விளக்க வேண்டியிருக்காது.