மறுமுனையில் நம்ம பையன் எங்கே?

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் ரோட்டில், ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கூட பார்க்காத இடம். 2025 டிசம்பரில் இந்தப் பெயர் ஒரு தேசிய நாளிதழின் கிரிக்கெட் செய்தியில் வந்தது. இங்கிருந்து யாரோ சதம் அடித்ததாலோ, ஐந்து விக்கெட் எடுத்ததாலோ அல்ல. ஒரு வீட்டு முகவரிக்காக.

இந்தியன் எக்ஸ்பிரஸ் மாதக்கணக்கில் விசாரித்து எழுதிய செய்தி அது. வெளிமாநில ஆட்டக்காரர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் பணம் கொடுத்து, அவசரமாகக் கல்லூரியில் சேர்ந்தோ, எங்கோ வேலை பார்ப்பதாகச் சான்று வாங்கியோ, ஆதாரில் முகவரியை மாற்றியோ புதுச்சேரியின் ‘உள்ளூர்’ ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள் என்றது அந்தச் செய்தி. மூலக்குளத்தில் இருக்கும் ஒரே வீட்டை இப்படிப் பலர் தங்கள் முகவரியாகக் காட்டியிருந்ததாகவும் சொன்னது. கூடவே ஒரு கணக்கும் கொடுத்தது: 2021க்குப் பிறகு புதுச்சேரி அணி ஆடிய 29 ரஞ்சி ஆட்டங்களில், புதுச்சேரியில் பிறந்து களமிறங்கியவர்கள் ஐந்தே பேர். புதுச்சேரி கிரிக்கெட் சங்கம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. இந்திய கிரிக்கெட் வாரியம் விசாரிப்பதாகச் சொன்னது.

ஆவணத்தில் மோசடி நடந்ததா இல்லையா என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்துச் சொல்லட்டும். நான் அங்கே போகவில்லை. ஒவ்வொரு ஆதாரும் அசல், ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விஷயம் இன்னும் மோசம். திருட்டு நடந்திருந்தால் திருடனைப் பிடிக்கலாம். எல்லாம் விதிப்படி நடந்து, அதன் பலன் ஐந்து பேர் என்றால், அந்த விதியை என்ன செய்வது?

இது யாருடைய இடம்?

தனியார் கிளப் ஒன்று யாரை வேண்டுமானாலும் வாங்கி ஆட வைக்கலாம். சென்னை சூப்பர் கிங்ஸில் சென்னைக்காரர் எத்தனை பேர் என்று கேட்பது டீக்கடைச் சண்டைக்கு ஆகும், நியாயப் பேச்சுக்கு ஆகாது. மாநில அணியின் கதை வேறு. 2018-19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்குள் ஒன்பது புதிய அணிகள் வந்தன. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள், அவற்றோடு புதுச்சேரி. இவற்றைச் சேர்த்ததன் நோக்கம் அணிகளின் எண்ணிக்கையை 37 ஆக்குவது அல்ல. இந்தப் பகுதிகளில் பிறந்த பையனுக்கும் பெண்ணுக்கும் இந்திய கிரிக்கெட்டுக்குள் நுழைய ஒரு சொந்த வாசல் வேண்டும் என்பதுதான். பன்னிரண்டரை லட்சம் மக்கள்தொகை (2011 கணக்கு) உள்ள சின்ன யூனியன் பிரதேசத்துக்கு, மும்பைக்கும் கர்நாடகாவுக்கும் சமமாக ஓர் இருக்கை கிடைத்தது. அந்த இருக்கை பாகூர் பையனுக்கும், காரைக்கால் பையனுக்கும், மாஹே, ஏனாம் பையன்களுக்கும் பொதுச் சொத்து. சங்கம் அதன் காவல்காரர். காவல்காரர் வீட்டை வாடகைக்கு விட முடியாது.

ஆனால் முதல் வருஷமே என்ன ஆனது என்று ஞாபகம் இருக்கிறதா? 2018 செப்டம்பரில், விஜய் ஹசாரே கோப்பையின்போது, புதுச்சேரி அணிக்கு வந்த வெளியூர் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரின் பதிவை வாரியமே ரத்து செய்தது. குழந்தை பிறந்த அன்றைக்கே ஜாதகத்தில் எழுதியாகிவிட்டது. 2025 செய்தியைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள், ஏழு வருஷம் தூங்கியிருக்கிறார்கள்.

இடம் என்றால் வெறும் பெருமை இல்லை, சோறும்கூட. ரஞ்சி ஆடும் பதினொருவரில் ஒரு புதுமுகத்துக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய் சம்பளம். நாலு நாள் ஆட்டத்துக்கு 1,60,000. லீக் சுற்றில் ஏழு ஆட்டம் ஆடினால் 11 லட்சத்தைத் தாண்டும். கொத்தனார் வீட்டுப் பையனுக்கு, மீனவர் குப்பத்துப் பையனுக்கு, இந்தத் தொகை ஒரு குடும்பத்தின் திசையையே மாற்றும். பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி. அணியிலேயே இல்லையென்றால்? பதினாறு வயதிலிருந்து கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு மிச்சம் முழங்கால் வலி.

அடைபட்டவன்

அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள் பயன்படுத்தும் ஒரு சொல் உண்டு: ‘பிளாக்டு’. திறமை இருக்கிறது, தயாராக இருக்கிறான், ஆனால் அவன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிறார். கீழ்மட்ட லீக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறான். மேலே கூப்பிட மாட்டார்கள். அடைபட்டவன். அந்த ரசிகர்களுக்கு இது வருஷம் முழுக்கச் சண்டை போடும் விஷயம். ‘அந்தக் கிழவனை உட்கார வை, இந்தப் பையனைக் கொண்டுவா’ என்று மேலாளரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் அங்கே அடைபட்டவனுக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ‘ரூல் 5’ தேர்வு என்று பெயர். குறிப்பிட்ட வருஷங்களுக்குள் ஒரு பையனை உன் முக்கியப் பட்டியலில் சேர்க்காவிட்டால், வேறு அணி அவனை எடுத்துக்கொள்ளலாம். உன் சம்மதம் தேவையில்லை. எடுத்த அணி அவனை ஒரு பருவம் முழுக்க மேல்மட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய அணிக்கே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். பதுக்கி வைப்பதற்கு எதிரான சட்டம் இது. நம்ம ஊர் பாஷையில், நீயும் சாப்பிட மாட்டாய், அடுத்தவனையும் சாப்பிட விடமாட்டாய் என்றால் இலையை எடுத்துவிடுவார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி கை மாறிய அதே 1954 நவம்பரில் இந்த விதி ஒருவரைக் காப்பாற்றியது. புவேர்ட்டோ ரீக்கோவைச் சேர்ந்த ராபர்ட்டோ கிளமென்ட்டி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து, மான்ட்ரியலில் இருந்த தன் கிளை அணியில் வைத்திருந்தது. பாதி நாள் ஆடவே விடவில்லை. கடைசி இடத்தில் கிடந்த பிட்ஸ்பர்க் அணி 4,000 டாலர் கொடுத்து அவரை எடுத்தது. 1972இல் அவர் தன் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். அந்த விதி இல்லையென்றால் உலகத்துக்கு கிளமென்ட்டி கிடைத்திருப்பாரா? கிடைத்திருக்கலாம். ஆனால் அது ஒரு மேலாளரின் மனசைப் பொறுத்ததாக இருந்திருக்கும். விதி இருப்பதே மனசை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக.

நம்ம பையனுக்கு அந்த ஜன்னல் இல்லை. சொந்த மாநிலம் அவனை எடுக்காவிட்டால், வேறு மாநிலத்துக்குப் போக அதே சங்கத்திடம் ஆட்சேபணையின்மைச் சான்று கேட்டு நிற்க வேண்டும். போகிற இடத்தில் ஒரு வருஷக் குடியிருப்பு, வேலை, படிப்பு என்று ஏதாவது காட்ட வேண்டும். அங்கேயும் அந்த ஊர்ப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே வருகிறவருக்குக் கதவு திறந்திருக்கிறது, வெளியே போகிறவனுக்குப் பூட்டு. இதில் எது உள்ளூர், எது வெளியூர்?

‘தகுதி இல்லை சார்’

இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். ‘லோக்கல் பசங்க லெவல் பத்தல சார். எலைட் பிரிவுல ஆடுறோம். கர்நாடகா, மும்பை பவுலிங்க இவனுங்க தாங்குவானுங்களா?’

இந்த வாதத்தைப் பிரித்துப் பாருங்கள். ஏன் ஆட விடவில்லை? ரன் கணக்கு இல்லை. ஏன் ரன் கணக்கு இல்லை? ஆட விடவில்லை. நீச்சல் தெரிந்தால்தான் குளத்தில் இறங்கலாம் என்று சொல்கிறவரின் தர்க்கம் இது. 2018இல் தொடங்கிய அணிக்கு, அப்போது பத்து வயதில் இருந்த பையன் இன்று பதினேழு பதினெட்டு. 16, 19, 23 வயதுக்குட்பட்டோர் அணிகள் என்று மூன்று படிகள் இருக்கின்றன. இத்தனை படிகளை ஏழு வருஷம் நடத்தியும் மேலே அனுப்ப ஆள் இல்லை என்றால், அது பையனின் தோல்வியா, படியைக் கட்டியவரின் தோல்வியா? படியிலேயே வெளியூர்க்காரர் உட்கார்ந்திருந்தால் கேள்வியே வேறு.

அடுத்த பதில்: ‘ஜெயிக்கிறோமில்ல?’ ஜெயித்தோம், மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் டெல்லிக்கே போய், அருண் ஜெட்லி மைதானத்தில் டெல்லியை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தோம். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த கௌரவ் யாதவ் பத்து விக்கெட் எடுத்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு டெல்லி தன் கேப்டனையே மாற்றியது. மனசு குளிர்ந்த நாள்தான்.

கௌரவ் யாதவ் போன்றவர்கள் மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஒரு மாநிலம் மூன்று விருந்தினர் ஆட்டக்காரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. அபிஷேக் நாயர், வினய் குமார், பரஸ் டோக்ரா என்று அனுபவசாலிகள் இங்கே அந்த முன்வாசல் வழியாக வந்து ஆடியிருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் இலை போடுவதுதான் நம்ம வழக்கம். ஆனால் விருந்தினரை எதற்காகக் கூப்பிடுகிறோம்? அவர் ஒரு முனையில் பந்து போடும்போது, மறுமுனையில் இருக்கிற இருபது வயதுப் பையன் அவர் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். எந்த மட்டையாளருக்கு எந்த நீளம், பழைய பந்தை எப்படிப் பிடிப்பது, நாலாவது நாள் காலையில் உடம்பை எப்படி எழுப்புவது என்று கற்க வேண்டும். பதினொன்றில் மூன்று விருந்தினர் என்றால், மிச்சம் எட்டு இடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. விதியின் கணக்கு அதுதான். மறுமுனையிலும் இன்னொரு வெளியூர்க்காரர் நின்றால், விருந்தினர் யாருக்குப் பாடம் நடத்துவார்? அவர் மூட்டை கட்டிக்கொண்டு போகும்போது விக்கெட்டுகளும் அவரோடு போய்விடும்.

வெளியாளை எப்படிப் பயன்படுத்துவது என்று ஜம்மு காஷ்மீரைப் பார்க்கலாம். பிஷன் சிங் பேடி அங்கே பயிற்சியாளராகப் போனார். பர்வேஸ் ரசூல் தலைமையில் 2014 டிசம்பரில் அந்த அணி வாங்கடே மைதானத்தில் மும்பையைத் தோற்கடித்தது. ரசூல் இந்தியாவுக்கும் ஆடினார். உம்ரான் மாலிக் ஜம்முவின் பழக்கடைக்காரர் மகன். பாரமுல்லாவின் ஆகிப் நபியை 2025 டிசம்பர் ஏலத்தில் டெல்லி கேப்பிடல்ஸ் 8.40 கோடிக்கு எடுத்தது. இங்கே விருந்தினராக ஆடிய அதே பரஸ் டோக்ரா அங்கே போய் அணித்தலைவர் ஆனார். ஒரு மூத்தவர், அவரைச் சுற்றி ஊர்ப் பையன்கள். குண்டுச் சத்தத்துக்கும் ஊரடங்குக்கும் நடுவில் அவர்களால் முடிந்தது, பீச் ரோட்டில் காற்று வாங்கும் நம்மால் ஏன் முடியவில்லை?

மண்ணின் மைந்தர் கோஷம் அல்ல

இதை ‘வெளியூர்க்காரனே வெளியேறு’ என்று யாராவது படித்தால், அவர்களுக்குப் புதுச்சேரி தெரியாது. சைகோனுக்கும் பாரீசுக்கும் கப்பலேறிப் போனவர்களின் ஊர் இது. எல்லையே கிழிந்த துணி மாதிரி. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் புகுந்து புகுந்து வரும். கடலூர் ஆஸ்பத்திரியில் பிறந்து பாகூரில் வளர்ந்தவன் எந்த ஊர்? அதனால் பிறப்புச் சான்றிதழை வைத்து உள்ளூரை அளக்கச் சொல்லவில்லை. ‘பிறந்தவர்கள் ஐந்து பேர்’ என்ற கணக்கிலும் இந்தக் குறை உண்டு. பீகாரில் பிறந்து, அப்பா தட்டாஞ்சாவடி ஃபேக்டரியில் வேலை பார்க்க, இங்கேயே ஸ்கூல் படித்து, இங்கேயே லீக் ஆடிய பையன் நம்ம பையன்தான். அவனும் அதே வரிசையில் நின்று அடைபடுகிறான். கேள்வி ரத்தத்தைப் பற்றியது இல்லை. யார் இங்கே வெயிலில் நின்றான் என்பதைப் பற்றியது.

இதே ஊரில் மருத்துவ சீட்டுக்கு சென்டாக் கலந்தாய்வு நடக்கும்போது, குடியிருப்புச் சான்றிதழில் ஒரு புள்ளி பிசகினாலும் பெற்றோர்கள் தெருவில் இறங்குகிறார்கள். சட்டசபை வரை பேச்சு போகிறது. கிரிக்கெட் இடம் என்றால் மட்டும் ‘விளையாட்டுதானே’ என்று விட்டுவிடுகிறோம்.

கதவைச் சாத்தியே வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த டிசம்பரிலேயே பார்த்தோம். 19 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் தாக்கப்பட்டார். அணியில் எடுக்காத கோபத்தில் உள்ளூர் ஆட்டக்காரர்கள் அடித்ததாகப் புகார். குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் பயிற்சியாளர் மேல் கை வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. இப்படி ஓர் அடி விழுந்தால் வரிசையில் அமைதியாக நிற்கும் நூறு பையன்களின் கோரிக்கைதான் நொண்டியாகிறது. ‘பாத்தியா, லோக்கல் பசங்கன்னா ரவுடிங்க’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

என்ன வேண்டும்?

உருக்கமான பேட்டிகளும் விசாரணைக் கமிட்டிகளும் போதும். நாலே விஷயம் கேட்போம்.

ஒன்று, பதிவான ஒவ்வொரு ஆட்டக்காரரும் எந்தெந்த வருஷம் இங்கே எந்தப் பள்ளி அல்லது கல்லூரியில் படித்தார், எந்த லீக்கில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதைப் பருவம் தொடங்கும் முன் சங்கம் வெளியிட வேண்டும். வீட்டு முகவரி யாருக்கும் வேண்டாம், ஆட்ட முகவரி போதும்.

இரண்டு, களமிறங்கும் பதினொன்றில் குறைந்தது ஆறு பேர் இங்குள்ள 16 அல்லது 19 வயதுக்குட்பட்டோர் அணி வழியாக வந்தவர்களாக இருக்க வேண்டும்.

மூன்று, விருந்தினர் மூன்று பேரை முன்வாசல் வழியாகக் கூட்டி வாருங்கள், மாலை போடுகிறோம். பின்வாசலை மூடுங்கள்.

நான்கு, இதுதான் எனக்கு முக்கியம். வாரியம் நமக்கென்று ஒரு ‘ரூல் 5’ கொண்டுவர வேண்டும். வயதுப்பிரிவு அணிகளில் ஆடிய ஒருவனை மூன்று பருவம் மூத்தோர் அணியில் ஆட வைக்காவிட்டால், அவன் யாரிடமும் சான்று கேட்காமல், குடியிருப்புக் காத்திருப்பும் இல்லாமல் எந்த மாநிலத்துக்கும் போகலாம். தகுதி இல்லை என்கிறீர்களா? அப்படியானால் அவன் போவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

இந்த நாலாவது கோரிக்கைக்குச் சங்கங்கள் என்ன பதில் சொல்கின்றன என்று பார்ப்போம். போக விடுகிறோம் என்றால் பையனுக்கு லாபம். போக விட முடியாது என்றால், தகுதி இல்லை என்று இத்தனை வருஷம் சொன்னது பொய். இரண்டில் ஒன்றை அவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.