பாடு முறையும் நடுவர் தீர்ப்பும்
பாடு என்பது பழவேற்காடு ஏரியின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மீனவ ஊர்கள், இறால் மிகுந்த மீன்பிடி இடங்களைத் தம் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்துப் பங்கிடும் மரபு ஆகும். இதில் எழும் பிணக்குகளை ஊர்ப் பஞ்சாயத்தே தீர்த்து வந்துள்ளது.

நாடு கடந்த வணிகத்திலும் வழக்காடுவதற்கு மாற்றாக நடுவரை நாடும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த நடுவர் தீர்ப்பை, 1958 ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள் வழியே நிறைவேற்றலாம். ஊர் இணக்கத்துக்கு அவ்வலிமை கிடையாது. இந்திய நாடாளுமன்றம் 2023 இல் இயற்றிய சமரசச் சட்டம் சமூகச் சமரசத்துக்கு இடமளித்தாலும், அதில் எட்டப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாக நிறைவேறாது என்றே கூறுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நடுவரின் அதிகாரம் இரு தரப்பின் இசைவிலிருந்து பிறப்பது. பாடு உரிமை பெறாத பிற ஊர் மீனவர்களோ அப்பஞ்சாயத்துக்கு இசைவு தந்தவர்கள் அல்லர். ஏரியில் பெரும் பிணக்குகள் அவர்களுடனேயே எழுந்துள்ளன.