உண்டியலை எண்ணுகிறோம்... தொட்டியை?

பௌர்ணமி முடிந்த சில நாட்களில் பேப்பரில் ஒரு செய்தி வரும். திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் உண்டியல் எண்ணப்பட்டது. ரொக்கம் இவ்வளவு, தங்கம் இத்தனை கிராம், வெள்ளி இத்தனை கிராம். கடைசி ரூபாய் வரை துல்லியமாக இருக்கும். அதில் எனக்குக் குறையே இல்லை. நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு நேராக இருந்தால் மனசு குளிர்ந்துவிடும்.

அதே இரவில், அதே பக்தர்கள், அதே ஊரில் விட்டுவிட்டுப் போவது இன்னொன்றும் இருக்கிறது. அது எத்தனை லிட்டர்? யார் எடுத்தார்கள்? எந்த லாரியில் போனது? எங்கே இறக்கினார்கள்? இந்தக் கணக்கை எந்தப் பேப்பரிலாவது படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கும் எனக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

கார்த்திகை தீபம் நெருங்கினால் அதிகாரிகள் கூட்டம் போடுவார்கள். அறிக்கை வரும். சிறப்புப் பஸ் இத்தனை, தற்காலிகப் பஸ் நிலையம் இத்தனை, மொபைல் டாய்லெட் இத்தனை. 'போதாது' என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்வார். 'போன வருஷத்தைவிட ஜாஸ்திதானே' என்று ஆளுங்கட்சிக்காரர் சொல்வார். இருவரும் எண்ணுவது பைபர் கேபின்களை. அதன் அடியில் இருக்கும் தொட்டியைப் பற்றி இருவருக்கும் பேச்சே கிடையாது.

பற்று என்று ஒன்று எழுதினால் எதிரே வரவு என்று ஒன்று எழுதியாக வேண்டும். பி.காம். முதல் வருஷத்தில் முதல் பாடம் இது. கக்கூஸுக்கும் அதே பாடம்தான். உள்ளே போவது எல்லாம் ஒரு நேரத்தில் வெளியே வந்தாக வேண்டும். வைத்த கணக்கை மட்டும் எழுதி, எடுத்த கணக்கை எழுதாவிட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் அனுமானக் கணக்குதான். ஒரு இரவில் பத்து லட்சம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒருவர் மட்டும் ஒரே ஒரு தடவை டாய்லெட்டைப் பயன்படுத்துகிறார். போவதும் ஊற்றுவதுமாக ஆளுக்கு மூன்று லிட்டர். ஒரு லட்சம் பேருக்கு மூன்று லட்சம் லிட்டர். ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும் கழிவுநீர் லாரி அறுபது நடை அடிக்க வேண்டும். ஒரே இரவில் அறுபது நடை. மீதி ஒன்பது லட்சம் பேர் என்ன செய்தார்கள் என்பதை மறுநாள் காலையில் சாலை ஓரமே சொல்லிவிடும்.

லாரி எப்படி வரும்? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள். விடவும் கூடாது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஜனங்கள் நடக்கிற பாதை. இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை தலைகள்தான் தெரியும். அதன் நடுவே ஐயாயிரம் லிட்டர் லாரியை எப்படி நுழைப்பது? கூட்டம் கலைகிற வரை தொட்டி காத்திருக்குமா? நிரம்பும். வழியும். உள்ளே போன அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வருவார். அடுத்த முறை வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார். ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது, மரம் இருக்கிறது. நான்கு ஐந்து மணி நேரம் நடக்கிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

'பயோ டாய்லெட் வைக்கலாமே சார்' என்பீர்கள். ரயில்வேயும் டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து ரயில் பெட்டிகளில் வைத்தது நல்ல காரியம். அதற்குள் வேலை செய்வது பாக்டீரியா. அதற்கு நேரம் வேண்டும். ஒரு ராத்திரியில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிற கேபினில் அதனால் ஈடுகொடுக்க முடியாது. பினாயிலையும் ஆசிட்டையும் கொட்டினால் செத்தே போகும். பிளீச்சிங் பவுடர் தூவுவதும் அப்படித்தான். நாற்றம் கொஞ்சம் குறையும். தொட்டியில் ஒரு சொட்டுகூடக் குறையாது.

கடைசியில் ஒரு மனிதரைத்தான் கூப்பிடுகிறோம். அவருக்குத் 'தூய்மைப் பணியாளர்' என்று நல்ல தமிழில் பெயர் வைத்துவிட்டோம். பெயர் மாறியது. வாளி மாறவில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993ல் ஒரு சட்டம். போதவில்லை என்று 2013ல் இன்னொரு சட்டம். சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். நேரடியாக அனுப்பினாலும் சரி, ஒப்பந்ததாரர் மூலம் அனுப்பினாலும் சரி. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. நஷ்டஈடு ஏறுகிறது. சாவு நிற்கவில்லை. 1993 முதல் இப்படிச் செத்தவர்கள் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த மாநிலவாரிப் பட்டியல்களில் தமிழ்நாடுதான் முன்னால் நின்றது. எதில் எதிலோ முதலிடம் என்று பெருமைப்படுகிறோம். இதையும் சொல்லிக்கொள்ளலாமா?

நாம் செய்தி எழுதுகிற லட்சணத்தையும் பாருங்கள். 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்று எழுதுகிறோம். வாயு எழுந்து வந்து யாரையும் தாக்குவதில்லை. ஆளைத்தான் அதற்குள் இறக்குகிறார்கள்.

இது திருவண்ணாமலையின் குறை மட்டும் இல்லை. 2019 பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஒரு லட்சத்து 22 ஆயிரம் டாய்லெட் வைத்தோம் என்று உத்தரப்பிரதேச அரசு பெருமையாகச் சொன்னது. அங்கே பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. காலைக் கழுவுவது மரியாதை என்றால், அவர் கை மலத்தில் படாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய மரியாதை. அதற்குக் கேமரா தேவையில்லை. குழாயும் பம்பும் லாரியும் போதும்.

தொட்டியைக் காலி செய்வது அவ்வளவு கேவலமான வேலையா? ஐரோப்பாவில் குடும்பத்தோடு கேரவன் வண்டியில் ஊர் சுற்றுவார்கள். வண்டிக்குள் டாய்லெட். அதன் அடியில் சுமார் இருபது லிட்டர் பிடிக்கும் பெட்டி. நிரம்பியதும் அந்த வீட்டுக்காரரே வெளிப்பக்கக் கதவைத் திறந்து பெட்டியை உருவி, தங்குமிடத்தில் அதற்கென்று இருக்கும் தொட்டியில் கவிழ்த்து, அலசி, மருந்து ஊற்றித் திரும்ப மாட்டுவார். அவர் டாக்டராக இருக்கலாம், வக்கீலாக இருக்கலாம். பிறகு கையைக் கழுவிக்கொண்டு காபி குடிப்பார். சாதி போய்விடாது. நம் ஊரிலும் கேரவன் உண்டு, சினிமா நட்சத்திரங்களுக்கு. ஏ.சி. எத்தனை டன், சோபா என்ன கலர் என்று எழுதுகிறோம். தொட்டியை யார் காலி செய்கிறார் என்று யாராவது கேட்கிறோமா?

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்றால், நம் ஆள் ஒருவரைச் சொல்கிறேன். 1915 ஹரித்வார் கும்பமேளா. கோகலே ஆரம்பித்த இந்திய ஊழியர் சங்கத் தொண்டர்கள் பக்தர்களுக்காகக் கழிப்பிடக் குழி வெட்டியிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்யக் கூலி ஆட்களைத்தான் நம்பியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியின் ஃபீனிக்ஸ் குழு, 'மண்ணைப் போட்டு மூடி அப்புறப்படுத்துகிற வேலை எங்களுடையது' என்று முன்வந்தது. காந்தியைத் தரிசிக்க வந்த கூட்டம் அவரைக் கூடாரத்தைவிட்டு நகரவிடவில்லை. அது வேறு கதை. குழி வெட்டியவுடன் யார் மூடுவது என்ற கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். நாம் கேபினை இறக்கிவைத்து போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி.

இனி என்ன செய்யலாம்? ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

ஒன்று, லாரி வந்து போக முடிகிற இடத்தில் மட்டும் டாய்லெட் வையுங்கள். பாதை ஓரம்தான் வேண்டுமென்றால், கூட்டத்துக்கு வெளியே பெரிய தொட்டி வைத்து அதுவரை குழாய் போடுங்கள்.

இரண்டு, ஒப்பந்தத்தை மாற்றுங்கள். கேபினுக்கு நாள் வாடகை என்று பேசினால், லாரி வராத ஒவ்வொரு நடையும் ஒப்பந்ததாரருக்கு லாபம். காலி செய்த நடைக்கு இவ்வளவு என்று பேசினால், நடை போட்டால்தான் லாபம். மனிதரைத் திருத்த வேண்டாம். பில்லைத் திருத்தினால் போதும்.

மூன்று, லாரிக்கு ரசீது கொடுங்கள். எங்கே ஏற்றியது, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியது, எத்தனை லிட்டர். இல்லாவிட்டால் இருட்டில் ஏரிக்கரையிலும் ஓடையிலும் திறந்துவிட எந்த டிரைவருக்கும் ஐந்து நிமிஷம் போதும். திருவண்ணாமலை 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சிக்கு இது பெரிய வேலை இல்லை.

நான்கு, வெளியூர்களிலிருந்து வரவழைக்கிற பணியாளர்களுக்குக் கையுறை, பூட்ஸ், சோப்பு, குளிக்க வெந்நீர், படுக்க ஒரு இடம். பக்தருக்கு அன்னதானம் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு கூரை போட யாராவது வரட்டும்.

ஐந்தாவது உங்களுக்கு. தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாக்கெட், நாப்கின், குழந்தையின் டயப்பர் எதையும் அந்தப் பீங்கானுக்குள் போடாதீர்கள். லாரிக் குழாய் அதில்தான் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இயந்திரம் நின்றுவிடும். அப்புறம் கை உள்ளே போகும். நீங்கள் போட்ட பாட்டிலை எடுக்க இன்னொருவர் கை. பதினான்கு கிலோமீட்டர் நடந்து சேர்த்த புண்ணியத்தில் அது எவ்வளவைக் கழிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பௌர்ணமி முடிந்ததும் உண்டியல் செய்தி வரும். அதன் கீழேயே இன்னொரு வரி வரட்டும்: 'கழிவுநீர் இத்தனை லிட்டர், லாரி இத்தனை நடை, யார் கையும் படவில்லை.' வராவிட்டால், மாநகராட்சிக்கு ஒரு தபால் கார்டு போட்டு ஏன் என்று கேளுங்கள்.