டர்போ காருக்கு 10,000 கி.மீ. கணக்கு சரியா? மேனுவலின் அந்த இன்னொரு பக்கத்தையும் படிங்க!

ஒரு லிட்டர் இன்ஜின், மூணே மூணு சிலிண்டர். ஆனால் பவர் 100 பிஎஸ்-லிருந்து 120 பிஎஸ் வரை. ஹூண்டாய் வென்யூ, மாருதி ஃப்ரான்க்ஸ், நிஸான் மேக்னைட், ஸ்கோடா கைலாக் என்று இன்றைக்கு முதல் கார் வாங்குகிறவர்களின் லிஸ்ட்டில் இருக்கும் பல வண்டிகளில் இப்படி ஒரு குட்டி டர்போ பெட்ரோல் வேரியன்ட் உண்டு. டெஸ்ட் டிரைவில் பிக்கப்பைப் பார்த்து மயங்கி புக் பண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த பிக்கப்புக்கான விலையைக் கொடுப்பது இன்ஜின் ஆயில்தான். அதைப் பற்றி ஷோரூமில் யாரும் பேசுவதில்லை.

பழைய 1.2 லிட்டர் காரில் ஆயிலுக்கு வேலை சுலபம். உரசலைக் குறைக்கணும், அழுக்கைச் சுமக்கணும், கொஞ்சம் சூட்டைக் கடத்தணும். டர்போவில் கதையே வேற. புகை வெளியேறும் வேகத்தில் சுற்றும் டர்போவின் தண்டு, நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுகள் வரை போகும். அந்தத் தண்டைத் தாங்குவது பெரும்பாலும் பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலம் ஒன்றின் மேல்தான் அது மிதக்கிறது. ஒரு பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் புகை, சில சென்டிமீட்டர் தள்ளி உங்கள் ஆயில். இவ்வளவு வேலையையும் செய்வது மூன்று முதல் நாலரை லிட்டர் ஆயில், அவ்ளோதான்.

‘நம்ம ஊர் வெயிலுக்கு திக்கான ஆயில்’ - உண்மையா?

“சார், இந்த 5டபிள்யூ-30 எல்லாம் வெளிநாட்டுக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போட்டாத்தான் தாங்கும்.” தெருமுனை மெக்கானிக்கிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். பழைய அம்பாசடர், பத்மினி காலத்து இன்ஜினுக்கு அது சரியாகவும் இருந்தது.

ஆனால் அந்த எண்களுக்கு அர்த்தம் வேறு. டபிள்யூ என்பது வின்டர். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ என்றால் அந்தச் சோதனை மைனஸ் 30 டிகிரியில் நடக்கும். சென்னையிலோ மதுரையிலோ அதற்கு வேலையே இல்லை. பின்னால் வரும் 30, 40, 50 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு. இதுதான் நமக்கு முக்கியம். வெளியே 28 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடுகிற இன்ஜினின் கூலன்டை தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் பிடித்து வைத்திருக்கும். வெயில் கூடுகிறது என்பதற்காக ஆயிலை இரண்டு கிரேடு கெட்டியாக்க வேண்டிய அவசியம் இன்றைய கார்களுக்கு இல்லை.

தேவையில்லாமல் கெட்டியான ஆயில் போட்டால் நஷ்டமும் உண்டு. வால்வ் டைமிங்கை மாற்றுகிற அமைப்பு ஆயில் பிரஷரில்தான் இயங்குகிறது. அதன் துளைகள் மிகச் சிறியவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போ பேரிங் வரை ஆயில் போய்ச் சேர எடுக்கும் நேரமும் கூடும். மைலேஜும் அடி வாங்கும்.

அதே நேரம், ஒரே ஒரு கிரேடுதான் சரி என்றும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பல மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்த கிரேடு போடலாம் என்று ஒரு சார்ட் இருக்கும். அதில் 5டபிள்யூ-30 கூடவே 5டபிள்யூ-40-க்கும் அனுமதி இருந்தால், கோடையில் நிறைய மலைப்பாதை ஓட்டுகிறவர்கள் தாராளமாக 40-ஐ எடுக்கலாம். சார்ட்டில் இல்லாததை மட்டும் எடுக்காதீர்கள்.

டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம்

ஆயில் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பது பிராண்டு, அடுத்து ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற வார்த்தை. இரண்டையும்விட முக்கியமான ஒன்று டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்: ஏபிஐ எஸ்என், எஸ்பி, எஸ்க்யூ போன்ற தரக் குறியீடு. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் கொடுப்பது. எஸ்-க்கு அடுத்த எழுத்து அகரவரிசையில் தள்ளிப் போகப் போக தரம் புதியது. எஸ்என் 2010-ல் வந்தது. எஸ்பி 2020-ல், எஸ்க்யூ 2025-ல்.

இது ஏன் டர்போ காருக்குக் குறிப்பாக முக்கியம்? எல்எஸ்பிஐ என்று ஒரு பிரச்னை இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்-ல் இன்ஜினுக்கு அதிக லோடு வரும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்வதுதான் அது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாக பெட்ரோலைத் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில்தான் இது அதிகம். கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும். இதில் ஆச்சரியம், ஆயிலுக்கும் பங்கு இருக்கிறது என்று பின்னால்தான் தெரிய வந்தது. அழுக்கைக் கழுவ ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சார்ந்த வேதிப்பொருட்கள் இதைத் தூண்டுகின்றன. அதனால் புதிய ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்க்கிறார்கள். எல்எஸ்பிஐ-க்கான சோதனை முதலில் 2018-ல் ‘எஸ்என் பிளஸ்’ தரத்தில் வந்தது. எஸ்பி-யில் அதோடு டைமிங் செயின் தேய்மானத்துக்கான சோதனையும் சேர்ந்தது.

ஆக, வெறும் எஸ்என் என்று போட்ட பழைய ஸ்டாக் டப்பா எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு வேண்டாம். மேனுவலில் எஸ்என் என்று இருந்து நீங்கள் எஸ்பி போட்டால் தப்பில்லை. எஸ்பி கேட்கிற இன்ஜினில் எஸ்என் போடுவதுதான் தப்பு. கூடவே ஒரு டிரைவிங் பழக்கமும்: டாப் கியரில் 40-ல் உருட்டிக்கொண்டே போய் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்காதீர்கள். ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள்.

ஐரோப்பிய கார்கள் இன்னும் கறார். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 502 00, 504 00, 508 00 என்று சொந்தக் குறியீடுகள் வைத்திருக்கிறது. இதில் 508 00 என்பது 0டபிள்யூ-20 ஆயில். பக்கத்து வீட்டு போலோவுக்குப் போட்டது உங்கள் காருக்கும் சரி என்று அர்த்தமில்லை. மேனுவலில் இருக்கும் எண் டப்பாவிலும் அப்படியே இருக்க வேண்டும். ‘இதற்கு ஏற்றது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பதும் ‘இதற்கு அப்ரூவல் பெற்றது’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல.

கிலோமீட்டரை அல்ல, மணி நேரத்தை எண்ணுங்க

இப்போது முக்கியமான கேள்வி. எப்போது மாற்றுவது? இந்தியாவில் பெரும்பாலான கம்பெனிகள் 10,000 கி.மீ. அல்லது 1 வருடம் என்கின்றன. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் 15,000 கி.மீ. அல்லது 1 வருடம். எது முதலில் வருகிறதோ அது.

ஆனால் மேனுவலில் இன்னொரு அட்டவணையும் இருக்கிறது. ‘கடுமையான பயன்பாடு’ என்று தலைப்பு. அதைப் பார்த்ததும் நாம் நினைப்பது லடாக், ராஜஸ்தான் பாலைவனம், டாக்ஸி. உள்ளே படித்தால்தான் விஷயம் புரியும். ஹூண்டாய் மேனுவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 கி.மீ-க்குக் குறைவான தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, நீண்ட நேரம் ஐடிலில் நிற்பது, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான டிராஃபிக்கில் ஓட்டுவது, தூசி நிறைந்த ரோடு... இவையெல்லாம் அங்கே ‘கடுமையான’ பயன்பாடு. நமக்கு இதற்குப் பெயர் திங்கட்கிழமை! டைடல் பார்க் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு காரும் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் மாட்டும். இப்படி ஓடும் டர்போ கார்களுக்குப் பொதுவாக இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

ஏன் பாதி? ஒரு சின்னக் கணக்கு. சென்னை - திருச்சி ஹைவேயில் அடிக்கடி போய்வரும் காரின் சராசரி வேகம் 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10,000 கி.மீ. ஓட இன்ஜின் 200 மணி நேரம் வேலை செய்கிறது. ஓஎம்ஆரில் ஆபீஸ் போய்வரும் காரின் சராசரி 18 கி.மீ. என்றால், அதே 10,000 கி.மீ-க்கு இன்ஜின் ஓடுவது சுமார் 555 மணி நேரம். ஓடோமீட்டரில் எண் ஒன்றுதான். ஆனால் ஆயில் உழைத்தது இரண்டரை மடங்குக்கும் மேல். 5,000 கி.மீ-லேயே நகரக் காரின் ஆயில் 277 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

உங்கள் காரின் டிஸ்பிளேயில் சராசரி வேகம் காட்டும் பக்கம் இருக்கும். ஒரு மாதம் ரீசெட் செய்யாமல் விட்டுப் பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் 5,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. 20-லிருந்து 35 வரை என்றால் 7,500 போதும். அதற்கு மேல் ஹைவேயிலேயே ஓடும் கார் என்றால் மேனுவலில் சொன்ன 10,000 தாராளமாகச் சரி. 5,000-க்கு மாற்றினால்தான் இன்ஜின் நிற்கும் என்று பயமுறுத்துகிறவர்களை அங்கே நம்ப வேண்டாம், அது வெறும் பணச் செலவு. இந்த எல்லைகள் மேனுவலில் இருக்கும் இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே நாம் போட்ட கணக்குதான். வாரன்டியில் இருக்கும் கார் என்றால் மேனுவல் சொன்னதைவிட லேட் ஆக்கவே கூடாது.

வொர்க் ஃப்ரம் ஹோம்காரர்கள் இன்னொரு ரகம். வருடத்துக்கு 3,000 கி.மீ. கூட ஓடியிருக்காது, ‘இன்னும் நிறைய இருக்கே’ என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் இந்தக் காருக்குத்தான் ஆபத்து கொஞ்சம் அதிகம். காய்கறிக் கடை வரை போய்த் திரும்பும் காரில் இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். நன்றாகச் சூடானால்தான் அதுவும், கூடச் சேர்ந்த ஈரமும் ஆவியாகி வெளியேறும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்ட பிறகு இந்தக் கவலை குறைய வழியில்லை.

இது சும்மா தியரி இல்லை. 2018-ல் சீனாவில் 1.5 லிட்டர் டர்போ ஹோண்டா சிஆர்-வி-யில் ஆயிலோடு பெட்ரோல் கலந்து அளவு ஏறுவது பெரிய பிரச்னையாகி, விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். அங்கே குளிர் முக்கியக் காரணம், நமக்கு அது இல்லை. ஆனால் குறுந்தூர ஓட்டம் இங்கேயும் இருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்தால் எல்லோரும் பதறுவோம். ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ அதுவும் எச்சரிக்கைதான். நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுப்பது சகஜம்.

சர்வீஸ் மெசேஜில் ஏன் இது வருவதில்லை?

எரிச்சல் வருவது இங்கேதான். இன்றைய கார்களில் பல இணையத்தோடு இணைந்தவை. எவ்வளவு நேரம் ஐடிலில் நின்றது, சராசரி வேகம் என்ன என்பதெல்லாம் கம்பெனியின் ஆப்பிலேயே தெரிகிறது. ஆனாலும் சர்வீஸ் நினைவூட்டல் எல்லோருக்கும் ஒரே மாதிரி, ‘10,000 கி.மீ. அல்லது 1 வருடம்’ என்றுதான் வருகிறது. கடுமையான பயன்பாட்டு அட்டவணை மேனுவலின் கடைசிப் பக்கங்களில் தூங்குகிறது. இடைவெளி நீளமாக இருந்தால் ‘பராமரிப்புச் செலவு குறைவு’ என்று விளம்பரம் செய்ய வசதி. இன்ஜினில் பிரச்னை வந்தால் மட்டும் அந்தப் பக்கம் விழித்துக்கொள்ளும். டெலிவரி நாளில் பூங்கொத்து கொடுத்து போட்டோ எடுக்கும் நேரத்தில், ‘நீங்க ஓட்டப்போவது சிட்டியிலா, ஹைவேயிலா?’ என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்கேற்ற தேதியை ஆப்பில் போட்டுக் கொடுப்பது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை.

சர்வீஸ் ரெக்கார்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு உதாரணம். ஸ்டெல்லான்டிஸ் நிறுவனத்தின் 1.2 லிட்டர் பியூர்டெக் டர்போவில் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். அந்த பெல்ட் சிதைந்து, துகள்கள் ஆயில் பம்பின் வலையை அடைத்து இன்ஜின்கள் போயின. 2024-ல் நிறுவனம் 10 வருடம் அல்லது 1,75,000 கி.மீ. வரை வாரன்டியை நீட்டித்தது, குறித்த காலத்தில் சர்வீஸ் செய்தவர்களுக்கு. நிரூபிக்க பில் வேண்டும்.

வெளியே சர்வீஸ் செய்தாலே வாரன்டி போய்விடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 14 கார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த 2014 உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டுமே வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே வாரன்டி காலத்தில் இடையில் வரும் கூடுதல் ஆயில் மாற்றத்தையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செய்துவிடுவது சண்டையில்லாத வழி. ‘இப்போ தேவையில்லை சார்’ என்பார்கள். ‘பரவாயில்லை, மாத்திடுங்க’ என்று சொல்லுங்கள்.

வெளியே மாற்றுவதாக இருந்தால் சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், பக்கத்தில் நின்று ஊற்றச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரும் கட்டாயம் மாற வேண்டும். பில்லில் வெறும் ‘இன்ஜின் ஆயில்’ என்று எழுத விடாதீர்கள். பிராண்டு, கிரேடு, ஏபிஐ குறியீடு, எத்தனை லிட்டர், ஓடோமீட்டர் எண் எல்லாம் இருக்க வேண்டும். காலி டப்பாவை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அதுதான் மூலதனம். கிளம்புவதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ரெண்டு ஓட்டை போட்டுவிடுங்கள்.