இளவேனிற் காய்கறியும் மார்கழி மண்வேலையும்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், சம்பா நெற்பயிர் கதிர் முற்றி நிற்க, களம் செதுக்குவதிலும் அறுவடைக்கு ஆள் பேசுவதிலுமே விவசாயிகளின் கருத்து முழுவதும் செல்வது வழக்கம். வீட்டின் பின்புறத்துக் கொல்லையோ, ஐப்பசி கார்த்திகை மழையில் முளைத்த களை மண்டிக் கவனிப்பாரின்றிக் கிடக்கும். அறுவடை முடிந்து பொங்கலும் கழிந்த பின்னர், யாரேனும் ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தால், அந்தக் களைக்காட்டின் ஒரு மூலையைக் கீறி அதனைத் தூவிவிடுவதே தோட்டம் போடுதல் என்று பலரும் எண்ணுகின்றனர். பங்குனி வருவதற்குள் அவ்விதை போன இடம் தெரிவதில்லை. பின்னர், விதை சரியில்லை என்று பழி விதையின்மேல் சுமத்தப்படுகிறது.

பெரும்பாலும் விதை குற்றமற்றது. மண்ணை உரிய காலத்தில் பண்படுத்தாமையும், தோட்டத்திற்கென எருவும் ஆளும் ஒதுக்காமையுமே குற்றத்திற்குக் காரணம். வீட்டுத் தோட்டத்தைப் பெண்டிரின் ஓய்வுநேர வேலை என்று ஒதுக்கிவிடாமல், தம் நிலங்களுள் ஒன்றாகவும், எருவைப் பொறுத்தவரையில் வயலுக்கும் முற்பட்ட உரிமை உடையதாகவும் நிலச் சொந்தக்காரர்கள் கருத வேண்டும்.

இஃது ஏன் அவசியம் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்றும், அதில் 50 கிராம் கீரையாக இருத்தல் நலம் என்றும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதன்படி ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 45 கிலோ வேண்டும். நெல்லை மூட்டை மூட்டையாக விற்கும் வீட்டில் இந்த அளவுக்குக் காய்கறி வாங்குவோர் எத்தனை பேர்? வாங்கினாலும், அதில் வீட்டுப் பெண்களின் இலைக்கு வருவது எவ்வளவு? 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர். கீரை ஒன்றினாலேயே இக்குறை தீர்ந்துவிடும் என்று சொல்ல இயலாது. ஆயினும், கொல்லையில் முருங்கையும் கீரையும் தக்காளியும் இருக்கும் வீட்டில் அவை தினமும் உலைக்கு வரும். சந்தையை நம்பிய வீட்டில் வாரம் ஒரு நாள் வரும்.

மாசி முதல் சித்திரை வரை காய் பறிக்க வேண்டுமானால், வேலை மார்கழியிலேயே தொடங்க வேண்டும். மிளகாய் நாற்று நடவுக்கு வர ஏறக்குறைய 40 நாட்களும், கத்தரிக்கு 30 முதல் 35 நாட்களும், தக்காளிக்கு 25 நாட்களும் ஆகும். ஆகவே கார்த்திகைக் கடைசியில் மிளகாயும், மார்கழித் தொடக்கத்தில் கத்தரியும், அதன் நடுவில் தக்காளியும் மேட்டுப்பாத்தி நாற்றங்காலில் விதைக்கப்பட்டால்தான் தைப்பட்டத்தில் நாற்று கைக்கு எட்டும். நாற்றழுகல் நோயைத் தடுக்க, விதையுடன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணப் பொடியைக் கலந்து விதைத்தல் நலம்.

நாற்று வளரும் அந்த ஒரு மாதமே நிலத்தைத் திருத்துவதற்குரிய காலம். களையைப் பூக்கும் முன்னரே வேருடன் எடுத்து, மண் சேறாகவும் கட்டியாகவும் இல்லாத பதம் பார்த்து, ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டி, இரண்டு வாரமேனும் வெயிலில் காயவிட வேண்டும். மழையினால் இறுகிய மண் இதனால் பொலபொலப்பாகிறது. மண்ணுள் ஒதுங்கிய கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டுப் பறவைகளுக்கு இரையாகின்றன.

அடுத்தது எரு. காய்கறிப் பயிருக்கு ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 5 சென்ட் தோட்டம் ஓர் ஏக்கரில் இருபதில் ஒரு பங்கு. அதற்கு 500 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு மாட்டு வண்டிப் பாரம் போதும். ஆண்டுதோறும் பல வண்டி எரு வயலுக்கு அடிக்கும் வீட்டில், ஒரு வண்டியைக் கொல்லைக்கு விடுவது பெரிய தியாகம் அன்று. ஆனால் அது நன்றாக மட்கிய எருவாக இருத்தல் வேண்டும். பச்சைச் சாணம் கறையானையும் வேர்ப்புழுவையும் அழைத்து வரும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்த ஆல்பர்ட் ஹோவர்டு, தழையையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவந்தால் மூன்று மாதத்தில் நல்ல மட்கு கிடைக்கும் என்று காட்டினார். புரட்டாசியில் குவியல் போட்டவருக்கு மார்கழியில் எரு ஆயத்தமாக இருக்கும். அதனுடன் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்துக் கடைசிக் கொத்தில் மண்ணோடு கலந்துவிடலாம்.

பயிர்த் தேர்விலும் விவேகம் வேண்டும். கொடி அவரை பகற்பொழுது குறுகும் பருவத்தில் பூப்பது. அதற்கு ஆடிப்பட்டமே உரியது. தையில் ஊன்றினால் கொடி பந்தல் நிறையப் படர்ந்தும், வெகுகாலம் பூவாமல் நிற்கும். வெண்டை, கொத்தவரை, பூசணி, வெள்ளரி, தண்டுக்கீரை ஆகியவை தைப்பட்டத்திற்கு இசைந்தவை. தை முதலில் விதைத்த கீரை அம்மாத முடிவுக்குள்ளும், வெண்டை ஏறக்குறைய 45 நாட்களிலும் பயன் தரும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தவை. ஆதலால் ஒன்று நின்ற பாத்தியில் மற்றொன்றைத் தொடர்ந்து நடலாகாது. வேர்முடிச்சு நூற்புழு கண்ட மண்ணில் இடையிடையே செண்டுமல்லி நட்டால் அதன் தொல்லை குறையும். முருங்கை, வாழை முதலியவற்றைத் தோட்டத்தின் வடபுறத்தில் வைத்தால், தென்திசை சாய்ந்த பனிக்கால வெயிலைப் பாத்திகள் இழக்கமாட்டா.

இதற்குச் சில ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு. தண்ணீர் இல்லை என்பது ஒன்று. உண்மையே, பங்குனி வெயிலில் 5 சென்டுக்கும் நீர் இறைக்க இயலாத ஊர்கள் பல உள. அத்தகைய இடத்தில் 2 சென்ட் தோட்டத்தைச் செவ்வையாகச் செய்து, பாத்திகளின்மேல் வைக்கோலைப் பரப்பி ஈரத்தைக் காத்துக்கொள்வது மேல். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பலாம். சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது. ஆடும் கோழியும் அழித்துவிடும் என்பது மற்றொன்று. ஆடு தின்னாத ஆடாதொடையையும் நொச்சியையும் மழைக்காலத்தில் நெருக்கமாக நட்டு வளர்த்தால் ஆட்டுக்கு வேலியாகும்; முளைவிடும் பாத்திகளைக் கோழி கிளறாதபடி முட்செடியால் சில நாள் மூடிவைத்தால் போதும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்பது மூன்றாவது. விலை மலியும் நாட்கள் சில. ஏறும் நாட்கள் பல. மேலும் எந்த மருந்து எப்பொழுது தெளிக்கப்பட்டது என்பது சொந்தத் தோட்டத்துக் காயில் மட்டுமே வீட்டாருக்குத் தெரியும்.

தோட்டம் பெண்களின் வேலை என்று கூறுவோர், விதைப்பையும் பறிப்பையும் மட்டுமே நினைத்துக் கூறுகின்றனர். ஓர் அடி ஆழம் கொத்துவதும், வண்டி எருவைச் சுமந்து பரப்புவதும், வேலி கட்டுவதும் சமையலும் மாட்டு வேலையும் முடித்த கைகளுக்குரியவை அல்ல. வயலுக்கு ஆள் விடும் நிலச் சொந்தக்காரர், மார்கழியில் இரண்டு நாள் ஆட்களைக் கொல்லைக்கும் விட வேண்டும். எதைப் பயிரிடுவது என்பதை மட்டும் சமைப்பவரிடமே விடுதல் முறை. மிகுந்த காயை விற்ற பணமும் அவரிடமே இருத்தல் நியாயம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. தையில் வழங்கப்படும் கத்தரி, மிளகாய் விதைகள் நாற்றாகி நடவு காண்பதற்குள் மாசி கழிந்து வெயில் ஏறிவிடும். எனவே விதை கார்த்திகையிலேயே கிராமத்தை அடைய வேண்டும். கொத்திய நிலமும் மட்கிய எருவும் உள்ள வீடுகளுக்கு அது முதலில் சேர வேண்டும். தையில் எத்தனை பொட்டலம் வழங்கப்பட்டது என்று எண்ணுவதைவிட, பங்குனியில் எத்தனை கொல்லைகளில் காய் நிற்கிறது என்று எண்ணுவதே உண்மைக் கணக்கு.

பங்குனியில் காய்க்கும் தோட்டத்தின் விதி மார்கழியிலேயே முடிவாகிறது. களத்தை மெழுகும் கையோடு கொல்லையையும் கொத்திவைக்கும் வீட்டில், சித்திரை பிறக்கும்பொழுது அரிசியுடன் கறியும் நிலத்திலிருந்தே வந்து சேரும்.